வளைந்த மேடைக்கு ஒரு கல்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து கார்கோவில் பதினோரு பெட்டி வந்து இறங்கியது. புருஷன் ஒரேயடியாக வருவார் என்று பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அவருக்குப் பதிலாகச் சமையலறை அலமாரிகள் வந்திருக்கின்றன.

அங்கே யாரோ பணக்காரர் வீட்டில் பழைய சமையலறையைப் பிரித்துப் போட்டார்களாம். பிரித்தவர் இவர்தான். சமையல் மேடை பொருத்துவதுதான் அந்தக் கம்பெனியில் இவருக்கு வேலை. குப்பைக்குப் போக வேண்டியதை முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கட்டி அனுப்பிவிட்டார்.

எல்லாம் வளைவு. வரிசையாக வைத்தால் அரைவட்டமாக நிற்கிறது. கதவுகூட வயிறு தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. அழகுதான், நான் மறுக்கவில்லை. மேலே இருந்த கல் மட்டும் பிரிக்கும்போது உடைந்துவிட்டதாம். போனில் சொன்னார்: "அலமாரி ஃப்ரீ, வானதி. மேல ஒரு கல்லு போட்டா முடிஞ்சுது. அதையும் போட்டுட்டா நான் வந்துடறேன்."

இதே வாய்தான் தளம் போட்டதும் வந்துடறேன் என்றது. போர் போட்டதும் என்றது. டைல்ஸ் ஒட்டியதும் என்றது.

ஆகஸ்ட் 12

மாமா அலமாரிகளைச் சுற்றி வந்து பார்த்தார். "எம் மவன் கட்டுன செவரு நேராத்தான இருக்கு. இது ஏன் கோணிக்கிட்டு நிக்குது?" என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மகள் மீனாவைக் கூட்டிக்கொண்டு ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனேன். கல் கடை வைத்திருக்கும் ஜாபிர் அண்ணன் நல்ல மாதிரி. வளைவு என்றதும் மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கல்லு நீட்டமாத்தான் வரும் தங்கச்சி. வளைச்சு வெட்டுனா பாதி வீண். வீணாப் போறதுக்கும் நீங்கதான் காசு குடுக்கணும். ஓரம் பாலிஷ் அடிக்கத் தனி." பிறகு இன்னொன்று சொன்னார்: "அட்டையில மாதிரி வெட்டிக் கொண்டாங்க. மேல்பக்கம் எதுன்னு எழுதிடுங்க. கல்லுக்கு ஒரு பக்கந்தான் பாலிஷு. அட்டையப் பெரட்டி வெச்சு வெட்டிட்டா அப்புறம் அது துணி தொவைக்கத்தான் ஆகும்."

அவர் விலையை ரூபாயில் சொன்னார். நான் மாதத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுச் செலவு போக இவர் அனுப்புவதில் மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால், வெள்ளை குவார்ட்ஸ் ஐந்து மாதம். கருப்பு கிரானைட் இரண்டு மாதம். கடப்பா கல் மூன்று வாரம். நவம்பர் முடிவோடு இவருக்கு அங்கே வேலை பர்மிட் முடிகிறது; அதற்குள் கல் போட்டாக வேண்டும். ஆகவே எனக்குப் பிடித்த கல் கடப்பா. அதன் நிறம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஆகஸ்ட் 25

கார்கோ பெட்டிகளைக் கிழித்து ஒட்டி மாதிரி வெட்டினேன். முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அலமாரி மேல் வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. என் கைக்கு இது வரும் என்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 1

கடப்பா என்றதும் போனில் அவர் குரலே மாறிவிட்டது. செத்த வீட்டுச் செய்தி சொன்னதுபோல ஆகிவிட்டது.

"எண்ணெ பட்டா குடிக்கும் வானதி. எலுமிச்சம்பழம் பட்டா வெளுத்துடும். இந்த அலமாரி மேல போயி கடப்பாவா? நீ குவார்ட்ஸ் பாரு." குவார்ட்ஸில் மஞ்சள் கறை பிடிக்கும், சாம்பார் வைக்கிற வீட்டுக்கு ஆகாது என்றேன். அரைமணி நேரம் பேசி கருப்பு கிரானைட்டில் வந்து நின்றோம். பதினாலு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. பேச்சு முழுக்கக் கல்.

செப்டம்பர் 15

இன்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. வல்லத்தில் யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு எடுக்காத கருப்புக் கல் ஜாபிர் அண்ணன் கடையில் கிடந்தது. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டால் என் அட்டைக்குச் சரியாக வருகிறது. அட்டையைப் பார்த்து, "எந்த ஆசாரி வெட்டுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்காகவே இன்னும் கொஞ்சம் குறைத்தார். இரண்டு மாதக் கல் ஐந்து வாரத்துக்கு வந்துவிட்டது. முன்பணம் கொடுத்தேன். வெட்டுவதற்கு அடுத்த வாரம் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

ராத்திரி வரை பொறுக்காமல் அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். "மிச்சத்துல காம்பவுண்டு செவர ஆரம்பிச்சுடலாம். கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கேக்குறாங்க. கையெழுத்துப் போட்டுடவா?"

செப்டம்பர் 16

என்ன மனுஷன் இவரு. நான் மிச்சம் புடிச்சது செவுத்துக்கா? மீனா வயித்துல இருக்கையில போனவரு. அவ இப்ப ஒம்பதாவது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா விருந்தாளி மாதிரி வந்து, கறி தின்னுட்டு, டைல்ஸத் தட்டிப் பாத்துட்டுப் போறாரு. காம்பவுண்டு முடிஞ்சா இரும்புக் கேட்டு. கேட்டு முடிஞ்சா?

செப்டம்பர் 19

கோபம் ஆறிய பிறகு விஷயம் புரிகிறது. தப்பு என்மேல்தான். ஒவ்வொரு வேலையையும் நான் சீக்கிரம் முடித்துக் கொடுத்தேன். அடுத்த வேலைக்கு அவர் அங்கேயே இருந்துகொண்டார். இந்த வீட்டில் ஏதாவது ஒன்று முடியாமல் கிடந்தால்தான் அந்த மனிதர் வருவார்.

ஜாபிர் அண்ணனுக்குப் போன் செய்து, கல் அப்படியே இருக்கட்டும், நான் சொல்லும் வரை வெட்ட வேண்டாம் என்றேன். அட்டையைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பொய் சொன்னேன். பதற்றமே இல்லாமல் சொன்னேன்.

"அட்டை மழையில நனைஞ்சு ஊறிப்போச்சுங்க. மறுபடி எனக்கு வெட்ட வரல. கடைக்காரரே ஆள் அனுப்பி அளவெடுத்து வெட்டிக்கிறேங்கிறாரு."

"யாரு ஆளு?"

"வாசப்படிக்குக் கல்லு வெட்டுறவராம்."

"வாசப்படி வெட்டுறவனுக்கு வளைவு எப்படி வரும்?"

"கிட்டத்தட்ட வந்துடும்னு சொல்றாரு."

மீனாவின் காய்ச்சலுக்கு வராதவர், மாமா வரப்பில் விழுந்து கால் உடைந்தபோது வராதவர், 'கிட்டத்தட்ட' என்ற சொல்லுக்கு ஆடிப்போய்விட்டார். "யாரும் கை வைக்க வேண்டாம். நானே லீவு போட்டுட்டு வந்து அளவெடுக்கிறேன். கையெழுத்த அப்பறம் போட்டுக்குறேன்" என்றார்.

அக்டோபர் 13

டிக்கெட் போட்டாயிற்று. நவம்பர் 15 வருகிறார். 26 திரும்புகிறார். கல்லைப் பார்க்க வருகிறார்.

நவம்பர் 15, வெள்ளி

வந்தார். மீனாவுக்கு வாட்ச், மாமாவுக்குத் தைலம், எனக்கு ஒரு டேப். அளவெடுக்கும் டேப். பெட்டியில் சட்டைக்கு அடியில் கம்பெனிப் பேப்பர். இரண்டு வருஷத்துக்கானது. கையெழுத்து இன்னும் போடவில்லை; பர்மிட் முடிவதற்குள் போட்டாக வேண்டும். பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன்.

நவம்பர் 17

சமையலறையில் முட்டி போட்டு நாள் முழுக்க அளந்தார். மீனா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு நூல்னா எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று அவள் விரலிலேயே கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோடு அழியாமல் கையைத் தூக்கிக்கொண்டு குளித்தாள்.

நவம்பர் 19

அவர் வெட்டிய முதல் அட்டை தப்பாம். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 21

பெரிய சட்டி எடுக்கப் பரண்மேல் ஏறினேன். என் அட்டை இடம் மாறியிருக்கிறது. விரித்துப் பார்த்தேன். என் எழுத்தில் 'மேல்பக்கம்'. அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். அவர் போடுகிற டிக்.

அதாவது எடுத்திருக்கிறார். அலமாரி மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். சரியாக இருந்திருக்கிறது. சுருட்டித் திருப்பி வைத்திருக்கிறார்.

ஏன் கேட்கவில்லை? நான் பொய் சொன்னது தெரிந்தும் சாப்பிடும்போது எப்படி ரெண்டாம் தடவை ரசம் கேட்டார்? நானும் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 23

இரண்டாவது அட்டையும் தப்பாம்.

நவம்பர் 26, செவ்வாய்

மாலை ஏழு மணிக்குத் திருச்சியில் விமானம். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். நான் பெட்டி அடுக்கவில்லை. அவரும் அடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சமையலறையில் மூன்றாவது அட்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே நல்ல மழை.

"கார் வந்து நிக்குது. கெளம்பலையாடா?" என்று மாமா கேட்டார்.

"இந்த வேல முடியலப்பா."

ஒன்றரைக்கு வெட்டி முடித்து அலமாரி மேல் வைத்தார். நான் அடுப்புப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். ஊசி நுழைய இடமில்லை. அவர் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். பதினாலு வருஷம் ஊரான் வீட்டுக்கெல்லாம் வளைவு வெட்டிய மனிதர், "ஒரு நூல் பிசகுது, வானதி" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அப்ப சரியா வராது" என்றேன். "நாளைக்கு வேற அட்டை வாங்கியாறேன்."

மாமா போய்க் காரைத் திருப்பி அனுப்பினார். நான் இலை போட்டேன்.

நாலரைக்கு மீனா பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்தாள். அப்பா போயிருப்பார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவள், சமையலறையில் அட்டைத் துண்டுகளுக்கு நடுவே அவர் தூங்குவதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் அவரைத் தாண்டிப் போனாள்.