வெள்ளை விரிப்பில் சில துளிகள்

கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை வைனை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தனுப்பியிருக்கிறார் கீழ்வீட்டு அக்கா. மூடியிருந்த தட்டை எடுத்ததும் கிராம்பு வாசனை. உன் நினைவு. கூடவே அந்தப் பழைய எரிச்சல்.

இத்தாலியில் படிக்க இருவருமே விண்ணப்பித்தோம். உதவித்தொகை ஒருவருக்குத்தான். உனக்கு.

முதல் விடுமுறைக்கு ராயபுரம் வந்தாய். எங்கள் மொட்டை மாடி. எதிரே துறைமுகத்துக் கிரேன்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே வைன் ருசிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்றாய். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு. சொல்லித்தர ஓர் அம்மாள். கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்றி முகர வேண்டும். பிறகு ஒரு வாய். அதையும் துப்பிவிடலாம், வாளி உண்டு.

"குட்ச்சத துப்புவாங்களா? இன்னாடா கலீஜ் இது!"

"அத்த வுடு மாமு. நான் இன்னா பண்ணேன் தெர்மா? பழக்க தோஷத்துல வெரல முக்கி உதறிட்டேன். வெள்ளத் துணி பூரா செவப்பு. பேஜாராப் பூட்ச்சு."

ஏன் என்று அம்மாள் கேட்டாளாம். இறந்தவர்களுக்கு முதலில், எங்கள் ஊர் வழக்கம் என்றாயாம். பிறகு அவளும் விரல் நனைத்து உதறினாள். ஒவ்வொருவராக எல்லோரும். அண்ணனை நினைத்து ஒரு பெண் அழுதாளாம்.

எனக்கு உள்ளே எரிந்தது. அது என் நைனாவின் வழக்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து அப்படித்தான் உதறுவார். "போனவங்களுக்குக் குட்த்துட்டுதான் நாம." உன் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. இந்த மாடியில், எங்களோடு உட்கார்ந்து பழகியது உன் விரல். இத்தாலியும் உனக்கு. அந்த மேசையும், அழுத பெண்ணும். என் நைனாவுமா?

"அது எங்க நைனாவோடதுடா."

"அதான் மாமு. அவுர நென்ச்சிதான் உதறுனேன்."

நைனா போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதன்பின் நான் டம்ளரைத் தொட்டதில்லை. ஆக, அவருக்கு முதலில் கொடுத்தவனும் நீ. என்னால் நன்றி சொல்ல முடியவில்லை.

அடுத்த விடுமுறையில், எண்ணூர் சாலையில், ஒரு கன்டெய்னர் லாரி. நீ திரும்பிப் போகவில்லை.

இத்தாலியை நான் இன்னும் பார்க்கவில்லை. விரலை நனைக்கிறேன். இந்த முறை நைனாவுக்கு, நானே, என்றுதான் நினைத்தேன். உதறும்போது வாயில் வந்தது உன் பெயர்.

தரையில் சிவப்புத் துளிகள். இதிலும் நீ முந்திக்கொண்டாய்.