ரேடியோவுக்குப் பதில் சொல்கிறவள்

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். காற்றே இல்லை. பிரஷர் 148/92. தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. மனசில் இருப்பதையும் எழுதினால் பிரஷர் இறங்கும் என்றார். பார்க்கலாம்.

நைட் ஷிப்டு முடிந்து வீடு. ஆலையில் கன்வேயர் மோட்டார் மறுபடியும் தகராறு.

செய்ய வேண்டியவை: பின்பக்கக் குழாய் ஒழுகல். மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டாக்ஸ். மருந்து.

வீட்டுக்காரி சரோ தீபாவளி பிளவுஸ்களைத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் தையல் மிஷின் சத்தம் மட்டும். ரேடியோ மேசைமேல் துணி மூடிக் கிடக்கிறது. நன்றாகத் தூங்கினேன். மே மாதத்திலிருந்தே நல்ல தூக்கம்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

மாலையில் தூறல். 146/90. குழாய் சரி செய்தாயிற்று.

மே மாதத்தில் என்ன நடந்தது என்றால், நம் லோக்கல் ரேடியோவை தலைநகர் கே.எல்.லில் இருக்கும் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அதுவரை அது குவாலா சிலாங்கூர் டத்தோ பட்டக்காரர் ஒருவருடையது. கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா எல்லாம் அதில்தான் சொல்வார்கள். வாங்கிய கையோடு, குன்றின்மேல் இருந்த ஒலிபரப்பைப் புஞ்சாக் ஆலாமுக்கு மாற்றிவிட்டார்கள். பவரையும் குறைத்துவிட்டார்கள். அங்கேதான் புது வீடு, புதுக் கடை, விளம்பரம். எங்கள் புக்கிட் ரோத்தான் தோட்டப் பக்கம் இப்போது வெறும் இரைச்சல்.

நான் வயர்மேன். கூரையில் இருக்கும் ஏரியல் நான் கட்டியது. இரும்புக் குழாயை இன்னும் ஓர் ஆள் உயரம் தூக்கி, புஞ்சாக் ஆலாம் பக்கம் திருப்பினால் கேட்கும். அரை நாள் வேலை.

சரோவிடம் நான் சொன்னது: “கம்பெனிக்காரன் பவர கொறச்சிட்டான். ஒண்ணும் செய்ய முடியாது.”

பாதி உண்மை. மீதியை இங்கே எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அந்த ஆளின் பெயரை எழுத மனமில்லை. த. போதும்.

த. அந்த ரேடியோ ஆரம்பித்த நாளிலிருந்து காலை ஒன்பது மணி நிகழ்ச்சி நடத்துகிறவர். பிறந்தநாள் வாழ்த்து, விரும்பிய பாட்டு, நடுவில் அரட்டை. மே வரை என் வீட்டில் காலை ஒன்பது என்றால் அவர்தான். நான் ஷிப்டு முடிந்து உள்ளே படுத்திருப்பேன். “மழ வரும் போல, காயப்போட்ட துணிய எடுத்துடுங்கம்மா” என்பார் அவர். “எடுத்துட்டேண்ணே” என்பாள் இவள், ரேடியோவைப் பார்த்து. அவர் ஜோக் சொல்வார். இவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். வாரத்தில் இரண்டு தடவையாவது போன் அடித்துப் பேசிவிடுவாள். “தையக்கார சரோஜாம்மா” என்று கூப்பிடுவார்.

என்னிடம் அவள் பேசுவது: “சோறு மேசையில இருக்கு.”

ஒரு தடவை கோயில் திருவிழாவில் த.வை நேரில் பார்த்தேன். குள்ளம், தொப்பை, சாயம் போட்ட மீசை. பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தக் குரல் வந்ததும் நிம்மதி போய்விட்டது. குரலுக்குத் தொப்பை கிடையாதே.

ஆகஸ்ட் 18, திங்கள்

நல்ல மழை. 144/90.

அளவு கொடுக்க வந்த பரமேஸ்வரி சொன்னது, படுத்தபடியே கேட்டேன்: “தனபாலன் அண்ணன நிப்பாட்டுறாங்களாம் க்கா. இருபத்தொம்போதுதான் கடைசியாம். அப்புறம் எல்லாம் கே.எல்.லேர்ந்துதானாம்.”

சரோ அளவு நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள். பரமேஸ்வரி போன பிறகும் மிஷின் ஓடவில்லை.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. ஒழிந்தார். மத்தியானம் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புஞ்சாக் ஆலாமில் இருக்கும் மகன் ராத்திரி போன் செய்தான். ஆப்பில் கேளுங்கள் அம்மா, கிளியராக இருக்கும் என்றானாம். ஆப்பில் வருவது கே.எல். நிகழ்ச்சி. இரண்டு இளசுகள் பாதி இங்கிலீஷ் பேசி மீதி நேரம் சிரிக்கிறார்கள். த. அதில் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று ஒன்பது மணிக்குச் சரோ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பட்டன் வாங்க. பட்டன் இல்லாமல் வந்தாள். இன்றும் போனாள். நூல். நூலும் வரவில்லை. முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

152/94. உப்பைக் குறைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது. காரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

ஈஜோக் போகும் ரோட்டில், மேட்டில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன். டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் மோட்டாரை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, மேலே தூக்கிவிட்டிருந்தாள். சின்ன பேட்டரி ரேடியோ ஒரு காதில். இன்னொரு கையில் போன். அடிக்கிறாள், வைக்கிறாள், மறுபடி அடிக்கிறாள். அந்த மேட்டில் கேட்கிறது போல.

நான் எதிர்ப்பக்கம் ஒரு லோரிக்குப் பின்னால். அவள் ரேடியோவுக்கு ஏதோ பதில் சொல்வது அங்கிருந்தே தெரிந்தது. பெட்ரோல் போடும் ஆள் ஒரு மாதிரி பார்த்தான். ஏதாவது ஓர் ஆம்பளையோடு நின்று பேசியிருந்தால் இறங்கிப்போய்ச் சண்டை போட்டிருப்பேன். பேட்டரி ரேடியோவோடு என்ன சண்டை போடுவது?

அவள் வருவதற்குள் வீடு திரும்பிப் படுத்துக்கொண்டேன். 164/98.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேகமூட்டம். கூரை ஏற நல்ல நாள்.

சரோ கோயிலுக்குப் போயிருந்தாள். இரும்புக் குழாயை உயர்த்தினேன். ஏரியலைத் திருப்பினேன். முழங்கையில் துத்தநாகத் தகடு கிழித்து ஐந்து அங்குலக் கோடு. இது அவருக்காகச் செய்தது இல்லை. என் பெண்டாட்டி ரோட்டோரத்தில், ஊரே பார்க்க, அவர் குரலைக் காதில் வைத்துக்கொண்டு உட்காருவதைவிட, அந்த ஆள் என் கூரை வழியாகவே வந்துவிட்டுப் போகட்டும். இன்னும் ஐந்து நாள்தானே.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒன்பது மணிக்கு அவள் ஹெல்மெட்டை எடுத்தபோது, நான் எழுந்துபோய் ரேடியோவைத் திருகினேன். கணீர் என்று த. யாருடைய பேரனுக்கோ பிறந்தநாள் வாழ்த்து.

சரோ ரேடியோவைப் பார்த்தாள். என் முழங்கைக் கட்டைப் பார்த்தாள். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினாள்.

“இத்தன மாசம் கழிச்சி இப்பதான் ஒங்க கைக்கு எட்டிச்சாக்கும்.”

காலண்டரைப் பார்ப்பதுபோல் நின்றேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

புழுக்கம். 150/92. மருந்து தீரப்போகிறது.

மூன்று நாளாக அவள் போன் அடிக்கிறாள், லைன் கிடைக்கவே இல்லை. போகப்போகிறார் என்று தெரிந்து ஜனங்கள் அத்தனை பேரும் அடிக்கிறார்கள். பத்தாங் காலியிலிருந்து ஒரு டீச்சர், தஞ்சோங் காராங்கில் மளிகைக் கடைக்காரர். புஞ்சாக் ஆலாம் ராணியம்மா தினமும் வருகிறாள். ராணியம்மா குரல் வந்தால் சரோ மிஷினை வேகமாக மிதிக்கிறாள். ஓஹோ, அம்மணிக்கும் எரிகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சோறு போடும்போது அவளாகவே சொன்னாள். மே மாதத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, போகிற நேரத்தில் மட்டும் வந்து நிற்கிறாளே என்று அண்ணன் நினைப்பாராம். கேட்காத நிகழ்ச்சிக்கு எப்படிப் போன் அடிப்பது என்று இருந்துவிட்டாளாம்.

மீன் நன்றாக இருந்தது. பாதியில் கை கழுவினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையிலேயே வெயில். பிரஷர் பார்க்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்தேன்.

த. வழக்கம்போலப் பேசினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி அரை மணியில், இத்தனை வருஷம் தன்கூட வந்தவர்கள் என்று பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். ராணியம்மா முதல். டீச்சர். மளிகைக் கடைக்காரர். ஈஜோக்கில் கண் தெரியாத ஒரு பெரியவர். இன்னும் யார் யாரோ. சரோ மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டியல் முடிந்தது. பாட்டுப் போட்டார்.

சரோ பெயர் இல்லை.

அவள் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். கோக்க முடியவில்லை. எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. யார் இந்த ஆள்? காய்ச்சலில் கிடந்தபோதும் இவர் பேசியதைக் கேட்டவள். இவள் சிரித்த சிரிப்பில் பாதி இவருக்குத்தான் போயிருக்கிறது. அவளை மறப்பாரா? அவள் போன் அடிக்காமல் போனது யாரால் என்பது அப்புறம்தான் உறைத்தது.

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போனேன். எங்கேஜ். எங்கேஜ். எத்தனை தடவை என்று தெரியாது, விரல் வலித்தது. திடீரென்று மணி போனது. திடீரென்று அவரே.

பெயர், ஊர் கேட்டார். புக்கிட் ரோத்தான் என்றேன். பாட்டு யாருக்கு என்றார். என் வீட்டுக்காரிக்கு, சரோஜா என்றேன். உள்ளே ரேடியோவில் என் குரல் எனக்கே கேட்டது.

“தையக்கார சரோஜாம்மாவா? எங்கங்க போயிட்டாங்க? வேற ஊருக்கு மாறிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்.”

“இங்கதான் இருக்கா. ரேடியோதான் எடுக்கல.”

“சரிங்க. அவங்களுக்கு என்னா பாட்டுப் போடலாம்?”

இரண்டு பிள்ளை பெற்று, ஒரு மகளைக் கட்டிக் கொடுத்து, ஒரே வீட்டில் இத்தனை வருஷம். அவளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்? பழசா, புதுசா? ஒரு வரிகூடத் தெரியவில்லை. ஜில்லா முழுக்க நான் சும்மா நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“பரவால்லங்க,” என்றார். “எனக்குத் தெரியும்.”

பாட்டு வந்தது. இந்தப் பாட்டா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து சரோவின் குரல். கூடவே பாடுகிறாள். நல்ல குரல். வார்த்தை ஒன்று தப்பவில்லை.

அவள் பாடி முடிக்கும்வரை வெளியிலேயே நின்றேன். உள்ளே போனால் நிறுத்திவிடுவாள்.