இல்லை என்று சொல்லாத வீடு

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மீனுவுக்கு அம்மா எழுதுவது. கோமதியம்மன் துணையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ அங்கே சுகமா என்று வழக்கம்போலக் கேட்டால் சுகம் என்று வழக்கம்போலச் சொல்லிவிடுவாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று கடைசியில் சொல்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே. போனில் பேசினால் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய். பார்சலுக்குள் வைத்தால் பருப்புப்பொடி எடுக்கிற சாக்கிலாவது படிப்பாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

நீ வேலைக்கு நாசிக் போன பிறகு நம் மாடி வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. கோரக்பூர்ப் பக்கத்துப் பெண், பெயர் சுனைனா, வீட்டுக்காரருக்கு நம் ஸ்டேஷனில் சிக்னல் பிரிவில் வேலை. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். போனைப் பார்த்துத் தமிழ் படிக்கிறாள். கீழே இறங்கி வந்து, அக்கா தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா என்பாள், எனக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்போல இருக்கும். ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுங்கள் என்று அவளே கேட்டாள், பி.ஏ. தமிழ் படித்தது இதற்காவது ஆகட்டும் என்று நானும் சரி என்றேன். முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். மாடியில் கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டு, அப்ப வாரேன் என்று சொல்லி இறங்கினேன். அன்றைக்கே பூக்காரி பேச்சித்தாயும் வாரேன் தாயி என்று போயிருக்கிறாள், சிலிண்டர் போட வந்தவரும் வாரேம்மா என்று போயிருக்கிறார். இவள் எங்கள் மூன்று பேருக்கும் டீ போட்டு, சூடாக்கிச் சூடாக்கி, கதவைத் தாழ் போடாமல் ராத்திரிவரை உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள், ஏன் அக்கா ஒருவரும் வரவில்லை என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இங்கன யாரும் போறேன்னு சொல்ல மாட்டோம்மா, போனவுக திரும்பி வரணும்லா, அதனாலதான் வாரேன்னு சொல்லுதோம் என்று விளக்கினேன். புரிந்தது என்றாள்.

அடுத்த வம்பு உப்பில் வந்தது. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன், கையில் கிண்ணத்தோடு நிற்கிறாள், உப்பு வேண்டுமாம். நம் ஜாடியிலோ பொட்டு உப்பு கிடையாது. விளக்கு வைத்த நேரத்தில் உப்பு இல்லை என்று யாராவது வாயால் சொல்வார்களா, உப்பு நெறஞ்சிருக்கும்மா என்றேன். அவள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் எவ்வளவு நேரம்தான் சிரித்துக்கொண்டே நிற்பது, கடைசியில் கிண்ணத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்து நேரே தெருமுனைக்கு, கோமதிநாயகம் அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறாள். அவர், உப்பு நெறஞ்சிருக்கு தாயி, காலையில வா, லோடு வந்துரும் என்றிருக்கிறார். நிறைந்து கிடக்கிற கடையில் இன்னும் எதற்கு லோடு என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகு அவள் பேசவென்று கீழே இறங்கவில்லை. கொடியில் துணி எடுக்க வந்தாலும் என் பக்கம் திரும்பவில்லை. உனக்குத்தான் தெரியுமே, ஒரு ஆள் முகம் கொடுக்காவிட்டால் என் கைவேலை எதுவும் ஓடாது. பிறகு பார்த்தால் அவள் வீட்டுக்காரர் உன் அப்பாவை பஸ் ஸ்டாண்டில் பிடித்து, ஊர்க்காரர்களுக்கு எங்கள்மேல் என்ன சார் கோபம், வேறு வீடு பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே, ஏட்டி அகிலா, உப்பை நெறைய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு கை குடுக்க மாட்டேன்னியாமே, நல்லாவா இருக்கு என்று ஆரம்பித்தார்கள். இல்லாததாலதான நெறஞ்சிருக்குன்னேன் என்றேன். அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இத நான் அந்தாளுக்கு எந்த பாஷையில சொல்லுவேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

நானே ஒரு பாக்கெட் உப்பையும், அன்றைக்கு இருந்தபடி காலி செய்த ஜாடியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வெறும் ஜாடியைத் திறந்து காட்டி, இங்கிலீஷும் கையுமாக விளக்கினேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஊரிலும் ராத்திரி கடையை மூடு என்று சொல்ல மாட்டார்களாம், கடையை வளர்த்துவிடு என்பார்களாம். எல்லா ஊரிலும் நம்மைப் போலப் பயந்தவர்கள்தான் இருக்கிறார்கள் போல. அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் சொதி வைத்து இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். மறுசோறு போடக் கரண்டியோடு போனால், வயிறு நெறஞ்சிருக்கு அக்கா என்றாள். பாவம் என்று மோர் ஊற்றி இலையை எடுக்கச் சொல்லிவிட்டேன். நான் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி அவள் இன்னும் பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்! மாடிக்குப் போய் பிஸ்கட் தின்றிருக்கிறார்கள். மறுநாள் அவள் சொல்லித்தான் தெரியும், அப்பா சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

எனக்கும் சிரிப்புதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. நீ அனுப்பிய போட்டோவில் அந்தக் கடுகு மஞ்சள் சுடிதாரைப் பார்த்தேன். தீபாவளிக்குக் கைப்பக்கம் பிடிக்கிறது என்று டெய்லரிடம் சண்டை போட்டாயே, அதுதான் இப்போது தோளில் தொங்குகிறது. ஹாஸ்டல் மெஸ் எப்படிட்டி இருக்கு என்று கேட்டால், எல்லாம் இருக்கும்மா, ஒரு குறையும் கிடையாது என்கிறாய். சின்னப் பிள்ளையாக நீ அம்மா அரிசி இல்ல, எண்ணெய் இல்ல என்று கத்திக்கொண்டு வரும்போதெல்லாம் வாயைப் பொத்தி, நெறஞ்சிருக்குன்னு சொல்லு என்று பழக்கியவள் நான்தானே. நல்லாப் படித்துக்கொண்டாய். சுனைனாவும் உன்னைப் போல ஹாஸ்டலில் இருந்தவள், அவள் அம்மாவிடம் தினமும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வாளாம், காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அதைத்தான் சொன்னாளாம். இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்குமா சொல்லு. அவ நல்லாத்தான் இருப்பா, நீ பிள்ளையப் போட்டுக் கொடையாத என்கிறார்கள் அப்பா, ஆனால் பார்சலைக் கட்டிய பிறகு அவிழ்த்து எள்ளுப்பொடியை இன்னொரு பாக்கெட் வைத்தது அவர்கள்தான். கோதுமையும் வெல்லமுமாகப் பொரித்திருப்பது சுனைனா கொடுத்த தேக்குவா, உன் அறைப் பிள்ளைகளுக்கும் கொடு.

ஈரக்கையோடு ஹீட்டர் சுவிட்சைத் தொடாதே. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. அம்மன் உன்னை ஒரு கஷ்டமும் அண்டாமல் காப்பாற்றட்டும், நூறு வயசுக்கு நல்லா இரு. சொன்னபடி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டில் இனி உனக்கு மட்டும் அந்த விதி கிடையாது. விளக்கு வைக்கிற நேரமாக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் சரி, போனைப் போட்டு, இங்க இது இல்லம்மா, அது பிடிக்கலம்மா என்று வாய்நிறையச் சொல்லு மக்கா. ஒரு இல்லையாவது உன் வாயால் கேட்டால்தான் மற்றதெல்லாம் இருக்கிறது என்று நம்புவேன். நீ ஆட்டோவில் ஏறும்போது வாரேம்மா என்றாய் பார், அது ஒன்றை மட்டும் நான் சுனைனாவைப் போல அப்படியே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கதவைத் தாழ் போடாமல்,
உன் அம்மா
அகிலாண்டேஸ்வரி சங்கரகணேஷ்