சறோ மச்சாள் கொண்டுவந்த டொஸ்

என்ரை சறோ மச்சாள்,

சாவகச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இராணுவம் நெருங்குகிறதென்று ஊரோடு ஊராகக் கொக்குவில் வீட்டை விட்டு வந்து மூன்று கிழமையாகிவிட்டது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பங்கள் இருக்கிறோம். கரும்பலகைப் பக்கம் எங்களுக்குக் கிடைத்தது. அண்ணை மெலிந்துவிட்டார், இருமலும் விடுவதாயில்லை. உங்கள் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர்.

கொம்பியூட்டரை விட்டுவிட்டு வந்தோம். அந்த மழையில், அந்தச் சனத்துக்குள் அதைத் தூக்கி வர ஏலவில்லை. கோப்புகளைப் பதிந்து வைக்கும் பிளொப்பித் தட்டுகளின் பெட்டியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்தேன். போட்டுப் பார்க்க இங்கே எந்த மெசினும் இல்லை.

வெளிக்கிடுவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன் கனடாவிலிருந்து என் சிநேகிதியின் கடிதம் வந்தது. அங்கே இந்த வருடம் விண்டோஸில் புதியது ஒன்று வந்திருக்கிறதாம். எங்கள் கொம்பியூட்டரை இயக்கிய டொஸ்ஸைப் போலக் கட்டளைகளைப் பாடமாக்கித் தட்டத் தேவையில்லை. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். கைக்குள் அடங்கும் ஒரு சாமானை மேசையில் உருட்டி, படத்தின் மேல் கொண்டுபோய் அழுத்தினால் வேலை நடக்குமாம். ஒரு கோப்பை அழித்தால்கூட அது உடனே போய்விடாதாம். ஒரு குப்பைக்கூடைக்குள் கிடக்குமாம், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாமாம். அந்த வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கட்டும். நான் செய்தது அவர்களுக்கும் தெரியட்டும்.

எண்பத்து மூன்றில் நீங்கள் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்தீர்கள். அங்கிருந்த கொம்பியூட்டர் டொஸ்ஸில் ஓடவில்லை, அதற்கு முந்திய வேறொரு முறைமையில் ஓடியது. அந்த ஆடி மாதக் கலவரத்தில் கந்தோரும் எரிந்தது, நீங்கள் இருந்த அறையும் எரிந்தது. அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினீர்கள். அடுத்த வருடம் என் அண்ணையைக் கலியாணம் செய்து எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். எனக்கு மச்சாள் கிடைத்தாள் என்பதைவிட, கதைக்க ஓர் ஆள் கிடைத்தது என்பதுதான் சரி.

எண்பத்தொன்பதில் ஒரு பழைய கொம்பியூட்டரை வாங்கி லொறியில் கொண்டுவந்து முன்னறையில் வைத்தோம். இரண்டு பேருமாக வகுப்பு நடத்தினோம். வருகிறவர்கள் அதைத் தொடவே பயப்படுவார்கள். நீங்கள் பெட்டியில் தட்டித் தட்டிச் சொல்லுவீர்கள்.

"உதுக்குள்ளை மூளை இருக்கெண்டு நினையாதேங்கோ. கரண்ட் குடுத்தவுடனை உதுக்குத் தெரிஞ்சது ஒண்டே ஒண்டுதான். ஏ எண்ட வாய்க்குள்ளை பிளொப்பி இருக்கோ எண்டு பாக்கும். அதிலை டொஸ் இருந்தால் எடுத்துத் தன்ரை ஞாபகத்திலை ஏத்தும். பிறகுதான் நாங்கள் தட்டுற எழுத்து என்னெண்டு உதுக்கு விளங்கும். கோப்பை எங்கை வைக்கிறது, எங்கை தேடுறது எல்லாம் டொஸ்தான். அது இல்லையெண்டால் உது தகரப்பெட்டி."

பழைய கதையும் சொல்லுவீர்கள். முந்தி ஒவ்வொரு கொம்பனியின் மெசினுக்கும் ஒவ்வொரு வழக்கம், ஒன்றில் எழுதிய பிளொப்பியை மற்றது வாசிக்காது. டொஸ் பரவிய பிறகுதான் வேறு வேறு கொம்பனிகளின் பெட்டிகள் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்தன. அந்த டொஸ்ஸின் முதல் பதிப்பிலும் எல்லாக் கோப்பும் ஒரே குவியலாய்த்தான் கிடந்தது, பிறகு வந்ததில்தான் பிரித்துப் பிரித்து வைக்க வழி செய்தார்கள். பெரிய மெசின்களில் டொஸ் உள்ளேயே நிரந்தரமாக இருக்கும். எங்களுடையதில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் பிளொப்பியிலிருந்துதான் அதை எழுப்பவேண்டும்.

பிறகு சண்டையில் ஊருக்கே கரண்ட் போனது. மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டரில் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று ஓட்டினோம். வகுப்பு நின்றது. ஆனால் அண்ணை வேலை செய்த ஆஸ்பத்திரி இரத்தவங்கிக்காக ஒரு பட்டியல் வைத்திருந்தோம். இரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பெயர், ஊர், இரத்த வகை. அந்த விபரங்கள் இருந்த காகித அட்டைகள், இராணுவம் அடித்த செல் விழுந்து ஓடு பறந்த ஒரு கட்டடத்தில் மழையில் ஊறிப் போயின. மிஞ்சியது எங்கள் பிளொப்பியில் இருந்தது மட்டும்.

பட்டியல் ஒரு பிளொப்பியில், டொஸ் இன்னொன்றில். டொஸ்ஸுக்கு வைத்திருந்த மாற்றுப் பிரதி மாரியில் பூஞ்சணம் பிடித்து ஏற்கெனவே போய்விட்டது. பெட்டியிலிருந்த இரண்டாவது வாயும் பழுது. இருந்த ஒரே வாய்க்குள் மாற்றி மாற்றித்தான் பிளொப்பிகளைப் போட்டு எடுப்போம்.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை. நீங்கள் கிணற்றடியில் நின்றீர்கள். புதுப் பெயர்களை ஏற்ற வெற்றுப் பிளொப்பி ஒன்றைத் தயார்ப்படுத்த நான் இருந்தேன். டொஸ்ஸைப் போட்டு எழுப்பினேன். பிளொப்பியைத் துடைத்துப் புதிதாக்கும் ஃபோமற் கட்டளையைத் தட்டினேன். புதுப் பிளொப்பியை வாய்க்குள் போட்டு என்டர் அழுத்து என்று திரையில் வந்தது. ஜெனரேட்டர் திக்கத் தொடங்கியது. எண்ணெய் முடிகிற அவசரத்தில் நான் டொஸ்ஸை வெளியே எடுக்காமலே அழுத்திவிட்டேன். துடைபட்டது டொஸ்தான்.

எழுத விடாமல் தடுக்கும் ஒட்டுத்தாள் அந்தப் பிளொப்பியில் இருந்திருந்தால் தப்பியிருக்கும். அது கழன்று விழுந்ததை முதல் நாளே கண்டேன். ஒட்டவில்லை.

அரை மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் சைக்கிளில் எழுதிய துண்டுடன் வந்தார். பிள்ளைப்பேற்றுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஓ நெகற்றிவ் வேண்டும், கையிருப்பு அன்றிரவைத்தான் தாக்குப்பிடிக்கும். நீங்கள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தீர்கள்.

"டொஸ் எழும்புதில்லை மச்சாள்," என்றேன். "பூஞ்சணம் போலை. அண்ணை பிளொப்பிப் பெட்டியைப் பங்கர்க் குழிக்குள்ளை வைச்சவர். ஈரம் இழுத்திட்டுது."

வாயில் வந்ததைச் சொன்னேன். பழியை யார் மேல் போடுகிறேன் என்றுகூட யோசிக்கவில்லை.

நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்த்தீர்கள். திரையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"பறவாயில்லை, பயப்பிடாதையும். வல்வெட்டித்துறையிலை என்ரை தம்பியிட்டை டொஸ் இருக்கு. போய்ப் பிரதி எடுத்துக்கொண்டு நாளைக்கு விடிய வெள்ளணவே வந்திடுவன்."

"நானும் வரட்டோ?"

"வேண்டாம். இருக்கிற பட்டியல் உது ஒண்டுதான், றோட்டிலை கொண்டுபோகப் பயம். நீர் பத்திரமாய் வையும்."

சைக்கிளில் போனீர்கள். அன்று பின்னேரமே அந்தப் பெண்ணுக்கு இரத்தம் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்க வந்த ஒருவருக்கு அதே வகை. பட்டியல் தேவைப்படவேயில்லை. அவசரப்பட வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல எங்களிடம் எந்த வழியும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை, அச்சுவேலி தாண்டித் தோட்டவெளியால் வரும்போது ஹெலிகொப்டர் மேலிருந்து சுட்டது. றோட்டில் ஒதுங்க ஒரு மரமும் இல்லையாம். மத்தியானம் உங்கள் உடலை ஒரு வான் வண்டியில் கொண்டுவந்தார்கள்.

செத்தவீட்டுக்கு உங்கள் அம்மா வந்தா. "பூஞ்சணம் பிடிச்ச ஒரு சாமானுக்காக என்ரை பிள்ளையை அனுப்பிப்போட்டியளே!" என்று அண்ணையின் நெஞ்சில் அடித்தா. "பங்கருக்குள்ளை கொண்டுபோய் ஆர் வைக்கச் சொன்னது?" அண்ணை ஒன்றும் சொல்லாமல் நின்றார். நான் அவவைக் கட்டிப்பிடித்து அழுதேன். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவ அண்ணையோடு கதைப்பதில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த அன்று அண்ணை உங்கள் பையிலிருந்த பிளொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு கொப்பி மட்டைகளுக்கு நடுவே வைத்து நூலால் கட்டியிருந்தீர்கள். ஒரு மடிப்புக்கூட இல்லை. போட்டேன். எழும்பியது. அதை வைத்து நாலு வருடம் பட்டியலை நடத்தினோம். எத்தனையோ பேருக்கு இரத்தம் கிடைத்தது. அதைச் சொல்லி என்னை நானே ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். சரிவரவில்லை.

நீங்கள் திரும்பி வந்திருந்தால் சொல்லியிருப்பேனா? பொய் சொல்ல விருப்பமில்லை, மச்சாள். சொல்லியிருக்க மாட்டேன்.

போன கிழமை இங்கே கிணற்றடி வரிசையில் அண்ணையோடு நின்றபோது சொன்னேன். "அண்ணை, அண்டைக்கு அது பூஞ்சணம் இல்லை. நான்தான் டொஸ்ஸை அழிச்சனான்."

அவர் வாளியை இறக்கி வைக்கவில்லை. "தெரியும்," என்றார்.

"ஆர் சொன்னது?"

"சறோ. போக முதல் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிப்போட்டுத்தான் போனவள். பூஞ்சணமெண்டால் கரகரவெண்டு சத்தம் போட்டு, வாசிக்க ஏலாமல் திணறுமாம். உது சத்தமில்லாமல் சுத்திப்போட்டு, டொஸ் இல்லை, வேறை போடு எண்டு கேட்டதாம். ஆரோ துடைச்சிருக்கினம் எண்டவள். வதனியிட்டைக் கேளாதேங்கோ, அவவாய்ச் சொல்லுவா எண்டும் சொன்னவள்."

"பிறகேன் அண்ணை மாமியிட்டை ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லவேண்டியது நீ. நாலு வருசமாய்ப் பாத்துக்கொண்டு இருந்தனான், வதனி."

எங்கள் முறை வந்தது. வாளியை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு "சாப்பிட்டியோ" என்று கேட்கிறார். அதற்கு மேல் கதை இல்லை.

எல்லாம் தெரிந்துதானே மச்சாள் சைக்கிளை எடுத்தீர்கள்? ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா? ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதுகொண்டு நானே போகிறேன் என்று வெளிக்கிட்டிருப்பேன். அப்படி நடந்திருக்குமா, இல்லை இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற கதையா? கேட்க உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

நாளைக் காலை கொடிகாமம் வழியாக வல்வெட்டித்துறைக்கு, உங்கள் அம்மாவிடம் போகிறேன். பக்கத்துக் குடும்பத்தில் சைக்கிள் இரவல் கேட்டிருக்கிறேன். அண்ணையிடம் சொன்னேன். "றோட்டு சரியில்லை," என்றார். போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்கள் அம்மா கதவைச் சாத்தினால் படலைக்கு வெளியே நின்று சொல்லுவேன். அடித்தால் வாங்குவேன். இந்தக் கடிதத்தையும் அவவின் கையில் கொடுப்பேன், அண்ணை மேல் ஒரு பிழையும் இல்லை என்று அயலுக்கும் கேட்கும்படி சத்தமாய்ச் சொல்லுவேன். சொல்லாமல் திரும்பமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் புருசனின் தங்கச்சி,
உங்களை அந்த றோட்டுக்கு அனுப்பிய மச்சாள்,
வதனி