பதினாறு அங்குலச் சில்லு

மச்சான்,

இன்று காலை சிலாபத்துப் பெற்றோல் செட்டில் என் வண்டிக்குக் காற்றுப் பார்த்தேன். காற்றை அளக்கிற என் கேஜை வால்வில் வைத்து அழுத்தும்போது கொஞ்சம் காற்றுச் சீறி முகத்தில் அடித்தது. ரயருக்குள் நாட்கணக்காய் அடைபட்டுக் கிடந்த காற்றுக்கு ஒரு புளித்த றப்பர் மணம் உண்டு. அது மூக்கில் பட்டதும் கை நின்றுவிட்டது. பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். நீ இருந்திருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பாய். நான் வண்டியை ஓரமாக எடுத்து நிறுத்தினேன்.

இந்த கேஜை வைத்து என்னை எவ்வளவு நக்கலடித்திருப்பாய்! "கணக்கு வாத்தி தேர்மாமீற்றரோட டொக்டர் வேலைக்கு வெளிக்கிட்டார்" என்பாய்.

கொரியாவில் உழைத்துத் திரும்பியவன் மீன் ஏற்றக் கூலர் லொறி வாங்குவான் என்று ஊரே நினைத்திருக்க, நீ இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். உன் அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மீன்பெட்டி எங்கயடா வைக்கிறது?" என்று கேட்டார். அப்போது உன் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

காரோடு வந்தது பதினான்கு அங்குலச் சில்லு. "தள்ளுவண்டி மாதிரிக் கிடக்கு" என்று பதினாறுக்கு அடம்பிடித்தாய். என் வீட்டு விறாந்தையில், கரும்பலகை ஒன்றுதான் குறை, உனக்குப் பாடமே நடத்தினேன். றிம்மும் ரயரும் சேர்ந்த முழு உயரம் மாறக்கூடாது. மாறினால் வேகமுள் பொய் சொல்லும், மட்கார்டில் உரசும். ஆகவே றிம் பெருத்தால் றப்பர் மெலியத்தான் வேண்டும். 185/60 ரயரில் அரைச் சாண் உயரமிருக்கும் பக்கச்சுவர், நீ கேட்ட 195/45இல் ஏறக்குறைய நாலு விரலுக்கு இறங்கிவிடும். குழியில் அடி வாங்குவதும், காற்றுக் குறைந்தாலும் கொஞ்சம் சமாளிப்பதும் அந்தச் சுவர்தான்.

"எங்கட றோட்டுக்கும் மணலுக்கும் பதினாலு காணும். ஆசைக்குப் பதினைஞ்சு போடு. அதுக்கு மேல வேண்டாமடா" என்றேன்.

"செருப்போட கலியாணத்துக்குப் போறதே, வாத்தி?" என்றாய். பதினாறையே போட்டாய். வடிவாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உன் அப்பாவின் புதுப் படகை மந்திரித்த நாளில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நம் கரையில் படகுக்குத் தீர்த்தம் தெளிக்கிற பங்குச் சுவாமி பக்கத்தில் நிற்கிற வாகனங்களுக்கும் தெளித்துவிடுவார். உன் காருக்கும் அந்த ஆசீர் கிடைக்க வேண்டுமென்று அப்பாவுக்கு ஆசை. கரையில் படகு நிற்கிற வாடிவரை மணல். ட்ரக்டருக்கும் வானுக்கும் நம்மாட்கள் செய்வதையே நீயும் செய்தாய். காற்றைப் பாதிக்கு இறக்கிவிட்டு மணலில் ஓடுவது, திரும்பும்போது காற்றடிக்கிற கடை வரும்வரை தார் றோட்டிலும் அப்படியே போவது. இதை இங்கே யாரும் பிழையென்று நினைப்பதில்லை. ட்ரக்டர் ஊர்ந்துதான் போகும், அதன் தடித்த ரயரும் தாங்கும். உன் கார் ஊர்கிற சாதியில்லையே. நுரைச்சோலைக்கு முன்னால் உள்ள வளைவில் முன்ரயர் றிம்மை விட்டுக் கழன்றது. எதிரே தென்னை நின்றது.

பொலிஸ் முற்றத்தில் கிடந்த காரின் மற்ற மூன்று ரயர்களிலும் கேஜை வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதே புளித்த மணம், மூன்றிலும் பாதிக் காற்றுத்தான். எனக்கு விளங்கிவிட்டது. உன்மேல் வந்த ஆத்திரத்தில் அந்த வடிவான றிம்மை ஓங்கி உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

அடக்கம் முடிந்து சேமக்காலையை விட்டு எல்லாரும் போன பிறகு உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ படிச்சவன், சரியாச் சொல்லு. மணல்ல புதையும், காத்த இறக்கிப்போட்டு வாடா எண்டு நான்தான் போனில சொன்னன். அதாலயா?"

எத்தனையோ கடலைப் பார்த்த கை அது. என் கையை விடவேயில்லை.

"இல்லை அப்பா. அவன் போட்ட பெரிய சில்லாலதான். வேண்டாம் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். கேட்டானா?"

"கேக்கமாட்டான். சின்னனில இருந்தே ஒருத்தற்ற சொல்லும் கேக்கமாட்டான்" என்று உன்னை ஏசத் தொடங்கினார். ஏசி ஏசி அழுதார். முழுப் பழியையும் உன் தலையில் போட்டுவிட்டேன், மச்சான். நீ தாங்குவாய். அவர் தாங்கமாட்டார். நான் சொன்னது பாதி உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மற்றப் பாதியை நானே வைத்திருக்கிறேன்.

போன கிழமை வாடிக்குப் போயிருந்தேன். படகை இழுக்கப் போன ட்ரக்டர் மணலில் அச்சுவரை புதைந்து நின்றது. காற்றை இறக்கினால் ஏறிவிடும் என்று ஒருவர் வால்வருகே குனிந்தார்.

"தொடாத!" என்று அப்பா கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை.

எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். மட்டையும் பலகையும் போட்டு, மூச்சிரைக்கத் தள்ளி ஏற்றினோம். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"சில்லாலதானே, தம்பி?"

சட்டைப்பையில் இருந்த கேஜை என் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஓம் அப்பா. சில்லாலதான்."