பூஜையில் வைத்த ரிஞ்ச்

இன்று காலை கடையைத் திறந்ததும் சூடேறிய தூசியின் வாடை மூக்கில் அடித்தது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்துதான். வாடையோடு நீயும் நினைவில் வந்து நின்றாய், புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டு.

பல வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு ஆயுத பூஜை. வேங்கிக்காலில் எங்கள் ஹார்டுவேர் கடையில் நானும் என் மனைவியும் மட்டும். பைப் ரிஞ்ச், சுத்தியல் எல்லாம் சந்தன குங்குமப் பொட்டோடு வாழையிலையில் படுத்திருந்தன. கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, திரையில் அண்ணாமலையார் படத்தைப் போட்டு ஒதுங்கிவிட்டோம். மறுநாள் வரை எதையும் தொடக் கூடாது. யாரும் தொடாத அந்தப் பெட்டியின் விசிறி மட்டும் மாவு மெஷின் மாதிரி அலறியது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த நீ, பொரி வாங்கிப்போக வந்தாய்.

"இன்னாடா மச்சான், கற்பூரம் காட்டுனதும் இதுக்கு அருள் வந்துடுச்சா? இன்னிக்குத் தொடக் கூடாதேடா."

"தொடுடா. வெடிச்சிடப் போவுது."

எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாய். சத்தம் பட்டென்று அடங்கியது. பட்டியலில் ஒன்றுமில்லை. மூடினாய், மறுபடி அலறல். நான்கு தடவை இதே ஆட்டம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஊரான் கம்ப்யூட்டருக்குள் எதையோ ஒளித்துவைத்து, கள்ளத்தனமாக ஓட்டிச் சம்பாதிக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். போன வாரம் அதைத் திறந்து துடைத்தவன் நீ. பாஸ்வேர்டு தெரிந்தவனும் நீ.

"நீ கை வெச்சா மட்டும் அடங்குதே. நீதானடா உள்ள எதையோ வெச்சிருக்க!"

நீ சிரித்தாய். கிரிவலப் பாதையில் தண்ணீர் பாக்கெட் விற்று, அடி உதை வாங்கி மேலே வந்தவன் நான். என்னைப் பார்த்துச் சிரித்தவனை விட்டதில்லை. இலையிலிருந்த ரிஞ்சை எடுத்து உன் புருவத்தில் இறக்கினேன். குங்குமமா ரத்தமா என்று என் மனைவிக்குப் புரியவில்லை. துடைக்கத் துடைக்க வந்த பிறகுதான் கத்தினாள்.

நீ போகவில்லை. ஒரு கையால் துண்டை அழுத்திக்கொண்டே, பென் டிரைவில் இருந்த, அதே பட்டியலைக் காட்டும் வேறொரு புரோகிராமை, பெயரை மாற்றி ஓட்டினாய்.

"உள்ள பூந்தது, வழக்கமான பட்டியலைத் தொறந்தா ஒளிஞ்சுக்குது. இதை அதுக்கு அடையாளம் தெரியாது."

தெரியவில்லைதான். கம்ப்யூட்டரின் சக்தியில் தொண்ணூறு சதவீதத்தைத் தின்றபடி அகப்பட்டது. அது நுழைந்த தேதியைக் காட்டினாய். காசு கொடுக்க மனமில்லாமல், எவனோ பூட்டை உடைத்துக் கொடுத்த பில் போடும் சாஃப்ட்வேரை நானே ஏற்றிய நாள்.

மிச்சமில்லாமல் அழித்தாய். பிறகு எழுந்து என் கன்னத்தில் விட்ட அறையில் நான் சுண்டல் தட்டின் மேல் விழுந்தேன். "இப்ப அடங்கிடுச்சு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அப்புறம் தெருவில் பார்த்தால் பேசினாய். கடைக்குள் கால் வைக்கவில்லை. நானும் மன்னிச்சுடுடா என்று வாய் திறக்கவில்லை. உன்னிடம் தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

போன மாசம் நெஞ்சுவலியில் நீ போனாய். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தழும்பு உன் முகத்தில் தனியாகத் தெரிந்தது. உன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்னு சொன்னாருங்கண்ணா. நெஜமா?"

இத்தனை வருஷம் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆமாம்மா, ஏணிதான்" என்றேன்.

முதல் அடிக்கு நீ அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டாய். இந்தப் பொய் நான் உனக்குக் கொடுத்த இரண்டாவது அடி; அதைத் திருப்பித் தர ஆள் இல்லை. அதை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.