பெப்பர்மின்ட் சோதனை

4 மார்ச் 1907, திங்கள்

ஃப்ளூ காய்ச்சல் போய் மூன்று வாரமாகிறது. மோப்பம் மட்டும் திரும்பவில்லை. காலையில் மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. யார்க்‌ஷயர் முழுக்கத் தேடினாலும் பெண் சுகாதார ஆய்வாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் நகராட்சியில் நான் ஒருத்திதான். என் நாற்காலி எப்போது காலியாகும் என்று காத்திருக்கிற ஆண்கள்தான் ஏராளம்.

7 மார்ச்

திருமதி டான்ஸ்லியின் ரொட்டிக்கடை. அடுக்களை நிலவறையில். குழாய்க்காரர் ஹெப்டன் கூரையேறிக் கழிவுக்குழாயில் பெப்பர்மின்ட் எண்ணெயும் வெந்நீரும் ஊற்றினார். குழாயில் விரிசல் இருந்தால் கீழே வாசனை வரும். முகர்ந்து சொல்ல வேண்டியவள் நான். வந்தால் மட்டும் எனக்குத் தெரிந்துவிடுமா? ‘குறை காணவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாவு பிசைந்துகொண்டிருந்த ஃப்ளோரி நிமிர்ந்தாள். “யாருடி பெப்பர்மின்ட் மிட்டாய் திங்கிறது? எனக்கும் ஒண்ணு குடேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஹெப்டன் கோட்டிலிருந்து வந்த வாசனையாக இருக்கும். அதற்குள் அவர் இறங்கி வந்துவிட்டாரா? படியில் சத்தம் கேட்டதாக நினைவு. கேட்டதா?

8 மார்ச்

கேட்கவில்லை. அவர் அப்போதும் கூரையில்தான் இருந்தார். திரும்பப் போய்ச் சோதிக்கலாம். என்ன காரணம் சொல்வது?

11 மார்ச்

போகவில்லை.

22 மார்ச்

டான்ஸ்லி கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு டைஃபாய்டு, குடற்காய்ச்சல். ஃப்ளோரியும் ஒருத்தி.

25 மார்ச்

சுகாதார அதிகாரி டாக்டர் பென்ரோஸ் அதே கழிவுக்குழாயில் புகை விட்டுச் சோதித்தார். குடிநீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து குபுகுபுவென்று புகை. என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏழாம் தேதி நீங்க பார்த்தப்ப சரியாத்தான் இருந்திருக்கு. அப்புறம் இந்தம்மா எதையோ இடிச்சு உடைச்சிட்டு மறைச்சிருக்காங்க” என்றார்.

திருமதி டான்ஸ்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு ஆணிகூட அடிக்கல மிஸ். நீங்களாவது சொல்லுங்க.”

என்னன்னு சொல்லுவேன்? அந்த நிமிஷமே சொல்லியிருக்கணும் — மூக்கு போச்சுன்னு ரெண்டே வார்த்தை. பாவி நான்.

2 ஏப்ரல்

ஃப்ளோரி விடியற்காலையில் இறந்துவிட்டாள். பத்தொன்பது வயது.

9 ஏப்ரல்

நீதிமன்றம். திருமதி டான்ஸ்லி மேல் வழக்கு. “உங்கள் சோதனையில் சந்தேகம் ஏதும் உண்டா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடையைப் பூட்டச் சொல்லித் தீர்ப்பு.

வாசலில் திருமதி டான்ஸ்லி நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“உங்க மேல வருத்தமில்ல மிஸ். நீங்க மோந்து பார்த்ததத்தானே சொன்னீங்க.”

15 ஏப்ரல்

நகராட்சிக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்களாம். புதுப் பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள்: கைக்குழந்தைகளுக்கான பால் நிலையம். பண்ணையிலிருந்து வரும் ஒவ்வொரு கேனையும் திறந்து, கெட்டதை முகர்ந்து ஒதுக்க வேண்டும். முதல் வண்டி நாளைக் காலை ஆறு மணிக்கு.

சரி என்று சொல்லிவிட்டேன்.